ஒட்ட வழித்தால் ஏன் பொக்குளம் போடுகிறது? – தோல் நோய் வைத்தியரின் பதில்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வசித்து, கல்முனையிலுள்ள தனியார் நிதி நிறுவனமொன்றின் கிளையில் வேலை பார்க்கும் 29 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்குச் சுருட்டை முடி. நாள்தோறும் முகத்தைச் சுத்தமாக வழித்துக்கொண்டுதான் வேலைக்கு வர வேண்டும் என்பது முகாமையாளரின் கண்டிப்பு. வேலையில் சேர்ந்த சில மாதங்களில் தாடைக்குக் கீழும் கழுத்திலும் சிறு பொக்குளங்கள் தோன்றின. மலிவான இரட்டை பிளேட் ரேசர்தான் காரணம் என்று எண்ணி, ஐந்து பிளேட் கொண்ட விலைகூடிய ரேசருக்கு மாறினார். அதிலும் திருப்தியில்லாமல், தோலை இழுத்துப் பிடித்துக் கீழிருந்து மேலாக மூன்று தடவை வழிக்கத் தொடங்கினார். வழித்து முடித்ததும் தண்ணீர் கலக்காத டெட்டோல், அதன்மேல் படிகாரம், ஞாயிற்றுக்கிழமைகளில் தேசிக்காய்ச் சாறு. உள்ளே மாட்டிக்கொண்ட முடிகளைக் குண்டூசியால் கிளறி எடுப்பதும் உண்டு. பார்மசியில் கேட்டு வாங்கிய ஒரு குழாய் மருந்தை ஐந்து மாதமாக இரவில் பூசி வருகிறார். பூசினால் அடங்குகிறது, விட்டால் முன்பைவிட மோசமாகச் சிவக்கிறது. கழுத்து முழுவதும் கருமை படர்ந்துவிட்டது. அம்மா இதைக் கிரந்தி என்று சொல்லி இறாலையும் நண்டையும் நிறுத்திவிட்டார். நண்பர்களோ சலூன் கத்தியில் தொற்றிய வருத்தம் என்கிறார்கள்.

இந்த ஆடியில் அவர் நேர்த்திக்கடனுக்காகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனார். உகந்தையைத் தாண்டிக் காட்டுவழியே நடந்து, மாணிக்க கங்கையில் நீராடித் திரும்பும்வரை முகத்தில் கத்தி படவில்லை. பொக்குளங்கள் அநேகமாக மறைந்துவிட்டன. ஊர் திரும்பி, விடுமுறை முடிந்து, முகத்தை வழித்த ஒரு கிழமைக்குள் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. வருகிற தையில் அவருக்குத் திருமணம். இது பெண்ணுக்கும் தொற்றுமா, எந்த ரேசர் நல்லது, நாள்தோறும் வழித்ததால்தான் முடி இப்படித் தடித்துப்போனதா, லேசர் செய்தால் ஒரேயடியாக முடிந்துவிடுமா, முகாமையாளரிடம் எதையாவது கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிய கதிர்காமச் செய்திதான் எனக்கு மிகவும் உதவிய வரி. மாணிக்க கங்கைத் தண்ணீர்தான் குணப்படுத்தியது என்று நீங்கள் நம்புகிறீர்கள். முருகனின் அருளை அளக்க நான் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் உங்கள் முகத்துக்கு வேறொன்றும் நடந்தது: தாடி வளர்ந்தது. தாடி முடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை வளரும். மூன்று நான்கு கிழமை விட்டால் ஒரு சென்ரிமீட்டரை நெருங்கிவிடும். அந்த நீளத்தை எட்டிய முடி, தோலுக்குள் குத்தி நிற்க முடியாமல் தானாகவே வெளியே நிமிர்ந்துவிடுகிறது. வழித்ததும் திரும்பி வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் முடி உள்நோக்கி வளர்வதால் உண்டாகும் சவரப் பொக்குளம்தான் என்று சொல்லத் துணிகிறேன். 'பெரும்பாலும்' என்று ஏன் சொல்கிறேன் என்பதைப் பின்னர் விளக்குகிறேன். இது தொற்றாது, உங்களைத் திருமணம் செய்யப்போகும் பெண்ணுக்கும் வராது, நாளை பிறக்கப்போகும் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளாது. சுருட்டை முடி பரம்பரையாக வந்தால் பிள்ளையும் பெரியவனாகும்போது இதே பாடுபடலாம், அவ்வளவே.

பொக்குளம் எப்படி உண்டாகிறது

நேரான முடியை வழித்தால் அது நேராகவே திரும்ப வளர்ந்து வெளியே வரும். சுருட்டை முடி தோலுக்கு அடியிலேயே வளைந்து வளர்வது. வழிக்கும்போது கத்தி அதைச் சாய்வாக அறுப்பதால், சாய்வாக வெட்டிய மூங்கிலைப் போல அதன் நுனி கூராகிவிடுகிறது. அந்தக் கூர்நுனி வெளியே வந்து, வளைந்து, பக்கத்துத் தோலுக்குள் மீண்டும் குத்தி இறங்குவது ஒரு வகை. வெளியே வராமலே தன் குழியின் சுவரை உள்ளிருந்து துளைத்துக்கொண்டு போவது மற்ற வகை. இரண்டிலும் உடம்பு அந்த முடியை அந்நியப் பொருளாகவே பார்க்கிறது; முள் தைத்த இடத்தைப் போலச் சிவந்து, வீங்கி, சில வேளை சீழும் வைக்கிறது. சீழைக் கண்டு கிருமி என்று எண்ணித்தான் நீங்கள் டெட்டோலைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். இதில் கிருமி பின்னால் வந்து சேரக்கூடியது. தொடக்கக் காரணம் முடியின் நுனிதான்.

இனி உங்கள் ஐந்து பிளேட் ரேசருக்கு வருவோம். கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கர் கழற்றி மாற்றும் பிளேட் கொண்ட ரேசரை 1903இல் விற்பனைக்கு விட்டு, 1904இல் காப்புரிமை பெற்றதிலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகம் ஒற்றை பிளேட்டில்தான் முகம் வழித்தது. இரட்டை பிளேட் 1971இல் வந்தது. அதன் பெருமையே, முதல் பிளேட் முடியைச் சற்று மேலே இழுக்க, அது திரும்பி உள்ளே சுருங்குவதற்குள் அடுத்த பிளேட் அதை இன்னும் கீழே அறுத்துவிடும் என்பதுதான். நேரான முடிக்காரருக்கு இது வரம். உங்களுக்கோ, அறுபட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய் நிற்கிறது. அங்கிருந்து குழிச்சுவரைத் துளைக்க அதற்கு எந்தத் தடையும் இல்லை. இழுத்துப் பிடித்த தோலை விட்டதும் நுனி இன்னும் ஆழமாக உள்ளே போகிறது. எதிர்த்திசையில் மூன்று தடவை வழிப்பது இதையே மூன்று மடங்காக்குகிறது. விலை கூடிய ரேசர் தன் வேலையைத் திறமாகச் செய்திருக்கிறது. அந்தத் திறமைதான் உங்கள் முகத்துக்கு ஒத்துவரவில்லை. பல பிளேட் ரேசரை முறையாகப் பாவித்து எந்தத் தொல்லையும் இல்லாதிருக்கும் சுருட்டை முடிக்காரரும் இருக்கிறார்கள். ஆகையால் ரேசரை மட்டும் மாற்றி, கையின் பழக்கத்தை மாற்றாவிட்டால் பெரிதாகப் பயன் கிடைக்காது.

வழிப்பதால் முடி தடிக்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற உடற்கூற்றியலாளர் 1928இலேயே ஆண்களின் முகச்சவரத்தை வைத்து இதை ஆராய்ந்து, வழிப்பதால் முடியின் தடிப்போ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். வழிக்காத முடியின் நுனி மெலிந்து முடியும். வழித்ததன் நுனி மெலியாமல் முழுத் தடிப்போடு அறுபட்டு நிற்பதால் கைக்குச் சொரசொரக்கிறது. அதோடு இருபதுகளின் கடைசிவரை தாடி இயல்பாகவே அடர்ந்துகொண்டும் போகும். குற்றம் சவரத்தின் மேல் விழுந்துவிடுகிறது.

முதலில் அந்தக் குழாய் மருந்து

ரேசரைவிட என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். குழாயின் மேல் எழுதியிருப்பதாக நீங்கள் குறிப்பிட்ட மூன்று பெயர்களில் முதலாவது பெட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீரொய்ட். மற்ற இரண்டும் பூஞ்சைக்கும் பக்டீரியாவுக்குமான மருந்துகள். இப்படி மூன்றையும் கலந்த கிறீம்கள் எதற்கு என்று தெரியாமலே எல்லாத் தோல் வருத்தத்துக்கும் நம் பக்கத்தில் கைமாறுகின்றன. வீரியமான ஸ்டீரொய்ட்டை முகத்திலும் கழுத்திலும் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நுண் இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும், ஸ்டீரொய்ட்டே தனியாகப் பருக்களை உண்டாக்கும். பூசினால் அடங்கி, விட்டால் முன்னிலும் மோசமாகச் சிவக்கிறது என்று எழுதினீர்களே, அதில் ஒரு பகுதி உங்கள் பழைய வருத்தம் அன்று; தோல் அந்த மருந்துக்குப் பழகிப்போனதன் அடையாளம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டில் மாடு இருப்பதாகவும் காலையில் பால் கறந்துவிட்டே வேலைக்குப் புறப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாடுகளிலிருந்து மனிதருக்குத் தாடிப் பகுதியில் தொற்றும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. அதன்மேல் ஸ்டீரொய்ட் பூசினால் சிவப்பும் அரிப்பும் அடங்கி, நோய் தன் உருவத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பரவும். கதிர்காமத்தில் தாடி வளர்த்தபோது குறைந்ததால் உங்களுக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவுதான்; ஆனாலும் சில முடிகளையும் தோல் செதிலையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். முன்னர் 'பெரும்பாலும்' என்று சொன்னதன் காரணம் இதுதான்.

ஐந்து மாதம் பூசியதை நாளைக்கே எறிந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். திடீரென நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும். அந்த வேதனையில் மறுபடியும் அதே குழாயைத் தேடிப் போவீர்கள். தோல் வைத்தியர் ஒருவரிடம் காட்டி, வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாறி, சில கிழமைகளில் படிப்படியாக விட வேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக்கில் காட்டலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று எழுதியிருப்பதால், வெறும் வயிற்றில் உங்கள் இரத்தச் சீனியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சீனி கூடியிருந்தால் இந்தப் பொக்குளங்களில் சீழ் வைப்பதும் ஆறத் தாமதிப்பதும் எளிதாகிவிடும்.

ஒரு மாதம் கத்திக்கு ஓய்வு

எந்த மருந்தும் எந்த ரேசரும் உள்ளே குத்தி நிற்கும் முடிகளை வெளியே எடுத்துவிடாது. அதற்குக் காலம் வேண்டும். குறைந்தது நான்கு கிழமைக்கு முகத்தில் பிளேட் படக்கூடாது. முதல் கிழமையில் சில இடங்கள் இன்னும் மோசமாவது போலத் தோன்றும். முடி வளர்ந்து குத்துவதால் வருவது அது, பொறுத்துக்கொள்ளுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைக் காலையும் மாலையும் சில நிமிடம் ஒத்தி வைத்து, பிறகு துணியை வட்டமாக மெதுவாகத் தேய்த்தால் வளைந்து படுத்த முடிகள் நிமிரும். தோலுக்கு வெளியே வளையமாகத் தெரியும் முடியைச் சுத்தமான ஊசி நுனியால் தூக்கி விடலாம். பிடுங்கக் கூடாது, ஏனென்றால் பிடுங்கிய முடி உள்ளிருந்து மீண்டும் புறப்படும்போது இதே கதைதான். வெளியே தெரியாத முடியைத் தேடிக் குண்டூசியால் தோண்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் கழுத்துக் கருமைக்கும் வடுக்களுக்கும் சவரத்தைவிடக் குண்டூசிக்கே அதிகப் பங்கு இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

முகாமையாளரிடம் என்ன சொல்வது என்பது உங்களுக்கு மருந்தைவிடப் பெரிய கேள்வியாக இருக்கிறது. வேலைச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்வது என் தொழில் அல்ல. அதற்குச் சட்டத்தரணி ஒருவரையோ தொழில் திணைக்கள அலுவலகத்தையோ கேட்பதே முறை. ஆனால் ஒரு வைத்தியராக நான் பார்த்த அளவில், வாய்மொழியாகத் 'தாடி விடப்போகிறேன்' என்று கேட்பவருக்கு மறுப்பும், எழுத்தில் காலவரையறையோடு கேட்பவருக்கு இணக்கமும் கிடைப்பதே வழமை. ஒரு தோல் நோய்க்குச் சிகிச்சை நடைபெறுகிறது, நான்கு முதல் ஆறு கிழமைவரை சவரம் செய்யக்கூடாது, அதன்பின் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரித்த முடியோடு வேலைக்கு வருவார் என்று உங்களைப் பரிசோதிக்கும் வைத்தியர் சான்றிதழ் தருவார். அதன் பிரதியொன்றைத் தலைமையகத்தின் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பி, மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் கழுத்தோரத்தையும் கன்னத்து ஓரத்தையும் ட்ரிமரால் ஒழுங்காக எடுத்து, தாடியைத் திருத்தமாக வைத்திருங்கள். கல்முனைக் கடைத்தெருவிலும் அலுவலகங்களிலும் திருத்தமான தாடியோடு வேலை பார்ப்போர் எத்தனையோ பேர்; வாடிக்கையாளர் ஒருவரும் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார். அலட்சியமாகத் தோன்றும் தாடியைத்தான் முகாமையாளர்கள் வெறுக்கிறார்கள்.

பிறகு எதைக் கொண்டு, எப்படி

தோல் அமைதியான பிறகு நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: கன்னத்தைத் தடவினால் வழுக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட முடியுமா? முடியும் என்றால் உங்கள் வருத்தத்தின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ட்ரிமரைச் சீப்பு மாட்டாமலோ, மிகக் குறைந்த அளவில் மாட்டியோ ஓட்டினால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முடி மிஞ்சும். எதிரே நின்று பேசுபவருக்கு அது நேற்று வழித்த முகமாகவே தெரியும். நுனி தோலுக்கு மேலே நிற்பதால் உள்ளே குத்த வழியில்லை. தோலில் அழுத்தாமல், இழுத்துப் பிடிக்காமல், உலர்ந்த முகத்தில் ஓட்டுங்கள். ட்ரிமரின் வெட்டும் தலையைத் தூரிகையால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எனக்கு இந்த முகம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

பிளேட்தான் வேண்டுமென்றால், அப்பா பாவித்திருக்கக்கூடிய, இருபுறமும் கூருள்ள ஒற்றை பிளேட்டைப் பூட்டும் பழைய மாதிரி ரேசரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான பிளேட்கள் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதைப் பாவிக்கும் முறை கொஞ்சம் பழக வேண்டியது. இரண்டு நாள் வளர்ந்த தாடியில் விரல்களை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பாருங்கள். வழுவழுப்பாகப் போகும் பக்கம் முடி சாய்ந்திருக்கும் பக்கம், சொரசொரக்கும் பக்கம் எதிர்ப்பக்கம். கன்னத்தில் அநேகமாகக் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். கழுத்தில் அப்படியல்ல: சிலருக்குப் பக்கவாட்டாக, சிலருக்கு மேல்நோக்கி, ஒரே கழுத்தில் இடமும் வலமும் வேறுவேறாகக்கூட இருக்கும். கழுத்தில் பொக்குளம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலிருந்து கீழாக வழித்தால் சரி என்று எண்ணுபவர் அங்கே தெரியாமலே எதிர்த்து வழித்துவிடுகிறார்.

குளித்து முடித்த கையோடு வழியுங்கள். ஈரத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடி மென்மையாகி, குறைந்த விசையில் அறுபடும். காலையில் நேரமில்லாமல் உலர்ந்த முகத்தில் நுரையைத் தேய்த்து உடனே இழுப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப் போகும் இடங்களில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் படிவாக முகத்தில் ஒட்டும். குடிக்க எடுத்து வைக்கும் நல்ல தண்ணீரில் ஒரு செம்பு சவரத்துக்குப் போதும். குளிக்கும் சவர்க்காரத்தின் காரத்தன்மை தோலின் இயல்பான மெல்லிய அமிலத்தன்மையைக் குலைப்பதால், சவரத்துக்கென்றே உள்ள கிறீம் அல்லது ஜெல்லை, அதுவும் வாசனையும் மெந்தோலும் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். குளிர்ச்சியாக எரிவது நல்லது செய்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல. ரேசரைத் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடித்து, அதன் எடையே வெட்டும்படி விட்டு, முடி சாயும் பக்கமாகச் சிறு சிறு இழுப்புகளாக ஒரே ஒரு தடவை வழியுங்கள். ஒரு தடவையில் எடுபடாமல் எஞ்சியது எஞ்சட்டும். திருமணம் போன்ற அபூர்வத் தேவைக்கு வேண்டுமானால் மறுபடி நுரை பூசி, கன்னத்தில் மட்டும் குறுக்காக ஒரு தடவை வழிக்கலாம். கழுத்தில் அதுவும் வேண்டாம். ஐந்தாறு சவரத்துக்கு ஒரு பிளேட்டை மாற்றிவிடுங்கள். ஈரமான குளியலறையில் விடாமல் கழுவி உதறி உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

முடிந்ததும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையற்ற ஈரப்பதக் கிறீம் ஒன்றைப் பூசினால் போதும். டெட்டோல் தண்ணீர் கலந்து பாவிப்பதற்கென்று செய்யப்பட்டது. கலக்காமல் பூசினால் தோலைச் சுடும். படிகாரம் சிறு வெட்டிலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்தும், உள்ளே வளரும் முடியை ஒன்றும் செய்யாது. மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் கல்முனைக்குப் போய் வருகிறீர்கள். பொக்குளங்கள் அதிகமாக இருப்பதாக நீங்கள் வரைந்து காட்டிய கோடு, ஹெல்மெட் வார் உராயும் கோடேதான். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், வாருக்கு மெல்லிய பருத்தித் துணி சுற்றி, அதை இரண்டு நாளுக்கொரு தடவை துவைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தாக, ஸ்டீரொய்ட்டின் விளைவு அடங்கிய பின், பென்சொயில் பெரொக்சைட் கிறீமையோ இரவில் பூசும் அடாப்பலீனையோ வைத்தியர் தரக்கூடும். முதலாவது தலையணை உறையையும் துவாயையும் வெளுக்கச் செய்யும், வெள்ளைத் துணியைப் பாவியுங்கள். இரண்டாவதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். முடியைக் கரைத்து எடுக்கும் கிறீம்கள் நுனியைக் கூராக்காமல் மழுக்கிவிடுவதால் இந்த வருத்தத்துக்கு ஒத்துவரும். ஆனால் ஸ்டீரொய்ட்டால் மெலிந்திருக்கும் உங்கள் தோலில் இப்போது அவற்றைப் பூசினால் புண்ணாகிவிடும் என்பதால் அந்த வழியை உங்களுக்கு நான் அடைக்கிறேன்.

கிரந்தி, சலூன், தேசிக்காய்

இறாலும் நண்டும் இதற்குக் காரணம் அல்ல. இறால் ஒவ்வாதவருக்குத் தடிப்பும் அரிப்பும் உடம்பெங்கும் வரும், வழித்த இடத்தில் மட்டும் பொக்குளம் போடாது. அம்மாவின் மனம் நோகாமல் சொல்லிப் பாருங்கள்; நம் வாவியின் இறாலை இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்க நான் மகிழ்வோடு சாட்சி சொல்வேன்.

சலூன்காரரைக் குற்றம் சொல்வது எளிது. உண்மையில் நல்ல கைப்பழக்கமுள்ள முடிதிருத்துநர் வெந்நீரில் ஊறவைத்து, முடியின் போக்கிலேயே வழிப்பதால், வீட்டில் நீங்கள் செய்வதைவிட அது தோலுக்கு இதமானது. கவனிக்க வேண்டியது வேறு: உங்கள் கண் முன்னே புதிய பிளேட்டைப் பூட்ட வேண்டும், எல்லார் முகத்திலும் தேய்க்கும் பொதுப் படிகாரக் கட்டி வேண்டாம். ஹெப்பட்டைட்டிஸ் பி வைரசு உடம்புக்கு வெளியே ஏழு நாள்வரைகூடத் தொற்றும் ஆற்றலோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே அதற்குப் போதும். இதே காரணத்தால் தம்பியோடும் அண்ணனோடும் ரேசரைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். முடி வெட்டும்போது பிடரியைப் பிளேட்டால் ஒட்ட வழிக்கவும் விட வேண்டாம். சுருட்டை முடிக்காரருக்குப் பிடரியில் கெட்டியான கட்டிகளும் தழும்புகளும் வரும் ஒரு வருத்தம் உண்டு, ஒட்ட வழிப்பது அதைத் தூண்டும்.

தேசிக்காயை உடனே நிறுத்துங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து கருக்கும். நீங்கள் கருமையைப் போக்கப் பூசியதே கருமையைக் கூட்டியிருக்கலாம். பொக்குளங்கள் அடங்கினால் கருமை தானாகவே மாதக்கணக்கில் மங்கும். பகலில் கழுத்துவரை சன்ஸ்கிறீன் பூசினால் விரைவாக மங்கும்.

லேசரும் தை மாதமும்

முடிக்குழியையே அழிக்கும் லேசர், இந்த வருத்தத்துக்கு நீண்ட காலத் தீர்வுக்கு மிக அருகில் இருப்பது. ஆனால் நம்முடைய கருமை நிறத் தோலுக்கு எல்லா லேசரும் பொருந்தாது. 1064 நனோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் என்டி-யாக் என்ற வகையே பாதுகாப்பானது. மற்றவை தோலின் நிறமியையே முடியென்று எண்ணிச் சுட்டு, வெண்தழும்போ கருந்தழும்போ விட்டுவிடக் கூடும். கொழும்பில் தனியார் நிலையங்களில் செய்பவர்கள் 'லேசர்' என்று மட்டும் சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள், யார் செய்வார் என்றும் கேளுங்கள். கிழமைகள் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் வேண்டும், செலவும் சிறிதல்ல. அழிந்த முடி அநேகமாகத் திரும்ப வராது. நாற்பது வயதில் தாடி வளர்க்க ஆசை வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்டீரொய்ட்டால் பலவீனப்பட்ட தோலில், திருமணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ட்ரிமரோடு ஆறு மாதம் இருந்து பார்த்து, அதன் பின்னும் தொல்லை நீடித்தால் அப்போது தீர்மானியுங்கள்.

திருமணத்துக்கான கணக்கு இப்படி: இந்த மாதம் குழாய் மருந்தைக் குறைப்பதும் தாடியை விடுவதும், அடுத்த இரண்டு மாதம் ட்ரிமர் மட்டும், மார்கழியில் முகம் அமைதியாக இருந்தால் ஒற்றை பிளேட்டால் ஒரு தடவை வழித்து, ஒரு கிழமை பொறுத்துத் தோல் எப்படித் தாங்குகிறது என்று பாருங்கள். தாங்கினால் கலியாணத்துக்கு முதல்நாள் மாலையில் வழிக்கலாம், அன்று காலையில் அல்ல. சிவப்பு இரவோடு அடங்கிவிடும். தாங்காவிட்டால் ட்ரிமரோடு மணவறையில் இருங்கள், அல்லது திருத்தமான சிறு தாடியோடு இருங்கள். அது அழகாக இருக்குமா என்பதை எங்களைவிடப் பெண்ணிடம் கேட்பதே நல்லது.

இடையில் காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கக் கன்னம் வலித்து வீங்கிப் பரவினாலோ, பொக்குளம் ஆறிய இடத்தில் கெட்டியான தழும்பு மேலெழும்பி வளர்ந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் போங்கள். மற்றபடி கிளினிக்குக்குப் போகும்போது முகத்தை வழிக்காமல், குறைந்தது மூன்று நாள் தாடியோடு, பூசி வந்த குழாயையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.